சிவந்த கண்ணுக்கு நாற்காலி இல்லை

அக்காவின் கடையில் உட்காருவதற்கு முன்னால் கண்ணைக் காட்ட வேண்டும். புருவம் எடுக்க வந்தாலும் சரி, மணப்பெண் அலங்காரத்துக்கு நாள் குறிக்க வந்தாலும் சரி, கதவருகே நிற்க வைத்து, தாடையைப் பிடித்துத் தூக்கி, இரண்டு கண்ணையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வரிசையில் நாலு பியூட்டி பார்லர்கள் இருந்தன. மற்ற மூன்றிலும் நுழைந்ததும் உட்காரச் சொல்லிக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பார்கள். இவர் கடையில் போலீஸ் சோதனைதான். அதற்கும் ஆட்கள் வந்தார்கள். அந்தக் கைக்கு அப்படி ஒரு பேர்.

நான் பக்கத்துக் கடை ஃபார்மசியில் மருந்தாளர். எல்லாரையும் போல நானும் அவரை அக்கா என்பேன், அவர் என்னை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார். ஆஸ்பத்திரி நர்ஸைத்தான் இங்கே மிஸ்ஸி என்பார்கள். நான் நாலு வருஷம் படித்து வாங்கிய பட்டம் சுவரில் தொங்குகிறது, நான் மிஸ்ஸி இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "வெள்ளைக் கோட்டு போட்டிருக்கல்ல, அப்ப மிஸ்ஸிதான்" என்று முடித்துவிட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அவரிடம் மட்டும் அது செல்லாது.

கண்ணைப் பார்ப்பதில் அவருக்கு அவ்வளவு கறார் ஏன் என்று புருவம் எடுத்துக்கொண்டவர்களுக்குப் புரியும். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுபக்கத்தை இரண்டு கையிலும் முறுக்கி, நம் முகத்துக்கு நாலு விரல்கடை தூரத்தில் அவர் குனிந்திருப்பார். நாம் நம் விரலாலேயே இமையைக் கீழேயும் நெற்றியை மேலேயும் இழுத்துப் பிடிக்க வேண்டும். வலியில் கண்ணில் தண்ணீர் வரும். அதைத் துடைத்த கையோடு நாற்காலியின் பிடியைப் பிடிப்போம். அடுத்து வருகிறவளும் அதே பிடியைப் பிடித்து, அதே போல் இமையைத் தொடுவாள். ஒருத்திக்கு ஒட்டிக்கொள்ளும் கண்நோய் என்றால் சாயங்காலத்துக்குள் பத்துப் பேருக்கு. இது அக்கா கணக்கு, தப்பில்லாத கணக்கு.

பங்சாரில் அலுவலகம் வைத்திருந்த ஒரு வக்கீலம்மா ஒருநாள் இரண்டு கண்ணும் சிவந்து வந்து நின்றார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். அக்கா தாடையைத் தூக்கிப் பார்த்தார். இரண்டும் ஒரே நேரத்தில் சிவந்ததா, அரிக்கிறதா, தும்மல் உண்டா, புதிதாக மை ஏதாவது வாங்கினீர்களா என்று வரிசையாகக் கேட்டார். வக்கீலம்மா ஆன்லைனில் வாங்கிய புது மஸ்காராவைப் பற்றிச் சொன்னார். இது ஒவ்வாமை, ஒட்டாது, அந்த மையைத் தூக்கிப் போடுங்கள், மிஸ்ஸியிடம் அலர்ஜிச் சொட்டு மருந்து வாங்குங்கள் என்று அக்கா சொன்னார். ஒட்டாதென்றால் உட்கார வேண்டியதுதானே என்று வக்கீலம்மா நாற்காலிப் பக்கம் நகர்ந்தார். அக்கா குறுக்கே கையை நீட்டினார்.

"நான் என்ன டாக்டரா? என் கணக்கு தப்பாப் போனா? வெளுத்ததும் வாங்க லா."

அந்தம்மா திட்டிக்கொண்டே போனார். மருந்தை என்னிடம்தான் வாங்கினார், என்னையும் சேர்த்துத் திட்டினார்.

கிள்ளானில் ஒரு கல்யாண வீட்டில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் சங்கடம்தான். கல்யாணப் பெண் என் சின்னம்மா மகள். பிரிக்ஃபீல்ட்ஸிலேயே கைராசியான ஆள் என்று நான்தான் அக்காவைச் சிபாரிசு செய்திருந்தேன். அலங்காரப் பெட்டியோடு காலையில் வந்த அக்கா, பெண்ணின் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். வலது கண் ஓரத்தில் மஞ்சளாகப் பீளை. காலையில் இமை ஒட்டிக்கொண்டதா என்று கேட்டார். பெண் தலையாட்டினாள். நேற்றிலிருந்தே இப்படித்தானாம், யாரும் பார்க்கக் கூடாதென்று மேலே மை பூசி மறைத்திருந்தாள். திறந்திருந்த பெட்டியை அக்கா மூடினார்.

சின்னம்மா போட்ட கூச்சலில் பந்தல் போட வந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரம், இப்போது போய் இப்படிச் செய்தால் என்ன அர்த்தம் என்று அழுதார். பெண்ணும் அழுதாள், அழுததில் கண் இன்னும் சிவந்தது. நான் அக்காவைத் தனியே இழுத்துப்போய், மனசு இரங்குங்களேன் என்று கெஞ்சினேன்.

"பாவமா இல்லன்னு நினைக்கிறியா, மிஸ்ஸி? இருக்கு. ஆனா இந்த பிரஷ்ஷு அடுத்த பொண்ணு கண்ணுக்குப் போகும். அவ என்ன பாவம் பண்ணா?"

சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து, ஒரு துடைப்புக்கு ஒரு பஞ்சு என்று கண்ணோரத்தைச் சுத்தம் செய்தார். பெண்ணின் மைக்குப்பிகளை எல்லாம் குப்பையில் போட வைத்தார். அவள் துண்டு, தலையணை உறையை வேறு யாரும் தொடக் கூடாது என்றார். பக்கத்து கிளினிக்குக்கு அனுப்பி ஆண்டிபயாட்டிக் சொட்டு மருந்து போட்டுவரச் செய்தார். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு, பின்னால் நின்று தலையை மட்டும் அலங்காரம் செய்தார். கல்யாணப் படங்களில் பெண் கண்ணாடி போட்டுக்கொண்டு, மை இல்லாத கண்ணோடு நிற்கிறாள். சின்னம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசி வருஷக்கணக்காகிறது.

செய்தது சரிதான். மருந்தாளராக எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அவ்வளவு அழுகைக்கும் அசையாமல் நின்ற அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு ஏனோ பயமாக இருந்தது. இவருக்கே இப்படி ஒன்று வந்தால் என்ன செய்வார் என்று அன்றைக்கே தோன்றியது. கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

கண் சிவந்து யார் வந்தாலும் நான் மூன்று கேள்வி கேட்பேன். உள்ளே வலிக்கிறதா? வெளிச்சத்தைப் பார்த்தால் கூசுகிறதா, பார்வை மங்குகிறதா? லென்ஸ் போடுகிற ஆளா? மூன்றுக்கும் இல்லை என்றால் பெரும்பாலும் சாதாரணக் கண்நோய். தண்ணீராக வடிந்தால் வைரஸ், அதற்கு ஆண்டிபயாட்டிக் தேவையில்லை. குளிர்ந்த துணி ஒத்தடம், கண்ணை ஈரமாக வைக்கும் சொட்டு மருந்து, அடிக்கடி கை கழுவுதல், வேலைக்கு எம்சி என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டு. ஒரு வாரம், பத்து நாள், சிலருக்கு இரண்டு வாரம், தானாக வெளுத்துவிடும். மூன்றில் ஒன்றுக்கு ஆமாம் என்று வந்தாலும் நான் மருந்து விற்க மாட்டேன், கண் டாக்டரிடம் போகச் சொல்லிவிடுவேன்.

இதை நான் கவுண்டரில் கேட்டுக் கேட்டு அக்காவுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. கதவருகே அவரே கேட்டுவிட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஆளை என்னிடம் அனுப்ப ஆரம்பித்தார். 'ஒரு கண், தண்ணி, வலி இல்ல, கூச்சம் இல்ல, லென்ஸ் இல்ல.' முதலில் சீட்டைப் படித்துவிட்டு நானும் ஒருமுறை கண்ணைப் பார்ப்பேன். அவர் எழுதியது ஒருநாளும் தப்பவில்லை. கூட்டம் அதிகமாக அதிகமாக, சீட்டைப் பார்த்தே மருந்தை எடுத்து நீட்டப் பழகிவிட்டேன். என் சோம்பேறித்தனத்துக்கு நம்பிக்கை என்று பேர் வைத்துக்கொண்டேன்.

ஊரார் கண்ணையெல்லாம் பார்த்த அக்காவின் சொந்தக் கண்ணை நான் பார்த்ததே இல்லை. எப்போதும் சாம்பல் நிற லென்ஸ் போட்டிருப்பார். கறுத்த முகத்தில் அந்தக் கண்கள் பளிச்சென்று தெரியும், ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மணப்பெண்கள் அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள் என்பது அவர் எண்ணம். மதியம் நாற்காலியில் சாய்ந்து லென்ஸோடு தூங்குவார். அப்படித் தூங்காதீர்கள் என்று நான் கத்தாத நாள் இல்லை.

"இருபது வருஷமா போடுறேன், ஒன்னும் ஆகல" என்பார். இந்தப் பதிலை என் கவுண்டரில் நின்ற எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அந்த வருஷம் தை பிறந்ததும் கண்நோய் பரவியது. மலாய்க்கார வாடிக்கையாளர்கள் சாக்கிட் மாத்தா, சாக்கிட் மாத்தா என்று கண்நோய்க்கு மருந்து கேட்டு வரிசையில் நின்றார்கள். அதே வாரம் எங்கள் பகுதியையும் சேர்த்துக் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கத் தண்ணீர்த் தடை. நாலு நாள் குழாயில் சொட்டு இல்லை. அக்கா கெட்டிக்காரர், அறிவிப்பு வந்த அன்றே பின்கட்டில் தோங் என்கிற பெரிய பிளாஸ்டிக் பீப்பாய் இரண்டை நிரப்பி வைத்துவிட்டார். மூன்றாம் நாள் நான் ஒரு வாளி தண்ணீர் கடன் கேட்டுப் போனேன். தோங் மூடியின் மேல் அவருடைய லென்ஸ் டப்பா திறந்து கிடந்தது, இரண்டு குழியிலும் தண்ணீர். லென்ஸுக்கான திரவம் தீர்ந்துபோயிருக்கும் போல.

பார்த்தேன். திரவம் என் கடையில் அடுக்கடுக்காக இருக்கிறது, போய் ஒரு புட்டி எடுத்துவந்து கொடுத்திருக்கலாம். அன்றைக்கு என் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை, கடையில் ஆட்கள் காத்திருந்தார்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் மறந்துவிட்டேன். என்னை நானே எத்தனை திட்டினாலும் அந்த வாளி மனசைவிட்டுப் போகாது.

அடுத்த வாரம் அக்கா தானே ஒரு சீட்டோடு வந்தார். வெயில் என்று கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், முகக்கவசம் வேறு. ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கஸ்டமர், வர முடியவில்லை, நான் வாங்கிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். சீட்டில் வழக்கமான எழுத்து. ஒரு கண், தண்ணி, வலி இல்ல, கூச்சம் இல்ல, லென்ஸ் இல்ல. எனக்குப் பின்னால் ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்து, பத்து நாளில் வெளுத்துவிடும் என்றேன். அக்கா உடனே போகவில்லை.

"நடுவுல வலி வந்தா, மிஸ்ஸி?"

"வலி வந்தா அது கண்நோயே இல்லக்கா. நேரா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க."

மருந்தைப் பைக்குள் வைத்து மூடினார். பிறகு போய்விட்டார். நான் ஃபோனை எடுத்தேன்.

தை, மாசி இரண்டிலும் சேர்த்து அவர் கையில் பதினொரு கல்யாணம் இருந்தது. ஒவ்வொரு வாரக்கடைசியும் ஷா ஆலாம், கிள்ளான், கேரி தீவு என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கடைக்குள் விளக்குகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மின்கட்டணம் ஏறிப்போச்சு என்றார். ஜன்னலுக்குத் தடித்த திரை வந்தது. முன்னெல்லாம் வாரத்துக்கு ஒரு அட்டை வலி மாத்திரை வாங்கினால் அதிகம், இப்போது இரண்டு நாளைக்கு ஒன்று வாங்கினார். தலைவலி என்றார், தூக்கமில்லை என்றார். நான்தான் விற்றேன். ஸ்ரீ கெம்பாங்கான் கஸ்டமர் எப்படி இருக்கிறார் என்று கேட்டால், வெளுத்துடுச்சு என்பார்.

கதவருகே தாடையைத் தூக்கிப் பார்ப்பது நின்றுபோயிருந்தது. எங்கள் தெருவில் பழம் விற்கும் ஆன்டி அதைப் பெருமையாகச் சொன்னார், அக்கா இப்போதெல்லாம் மனுஷியாகிவிட்டார், யாரையும் விரட்டுவதில்லை என்று. கையுறை இல்லாமல் மட்டும் யாரையும் தொடுவதில்லையாம், ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவில் மூன்று தடவை கை கழுவுகிறாராம். எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. விரட்டாத அக்காவை என்னால் கற்பனையே செய்ய முடியவில்லை.

மறுநாள் மதியம் புருவம் எடுக்க வேண்டும் என்று போய் உட்கார்ந்தேன். கடை அரை இருட்டு. அந்த இருட்டிலும் கறுப்புக் கண்ணாடியோடுதான் குனிந்தார். நூல் தோலைக் கவ்வியது, இன்னொரு தடவை கவ்வியது. அவர் கையில் எனக்கு ஒருநாளும் அப்படி வலித்ததில்லை. மூன்றாவது தடவை நூல் அறுந்தது. என் கன்னத்தில் சூடாக ஒரு சொட்டு விழுந்தது, பின்னால் இன்னொன்று.

நான் எழுந்து, அவர் கண்ணாடியை எடுத்துவிட்டேன். தடுப்பார் என்று நினைத்தேன், தடுக்கவில்லை. இடது கண்ணில் சாம்பல் லென்ஸ் இருந்தது. வலது கண்ணில் லென்ஸ் இல்லை, இமை பாதிதான் திறந்தது. வெண்விழி முழுக்க ரத்தச் சிவப்பு, கருவிழியின் மேல் வெள்ளையாக ஒரு வளையம். படிப்பு முடித்த இத்தனை வருஷத்தில் படத்தில்தான் அதைப் பார்த்திருந்தேன்.

"எத்தனை நாளா?"

"தண்ணி இல்லாத வாரத்துக்கு அடுத்த வாரம்."

"அந்தச் சீட்டு?"

"எனக்குத்தான்." சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஆமான்னு சொன்னா நீ விடமாட்ட. எல்லாரையும் தொரத்தி விட்டவ நான், எனக்கே கண்நோய்னா எந்தப் பொண்ணு வருவா? பத்து நாளுதானேன்னு பார்த்தேன்."

கோபத்தில் எனக்கு அழுகை வந்தது. வலி இல்லை, கூச்சம் இல்லை, லென்ஸ் இல்லை. மூன்றும் பொய். என்ன பதில் சொன்னால் நான் மருந்து கொடுப்பேன் என்பதை என்னிடமே கேட்டுப் பழகி, என்னிடமே சொல்லியிருக்கிறார். இரண்டு கடைக்கும் பூட்டைப் போட்டு, அவரைக் காரில் உட்கார வைத்து, வெயில் படாமல் முகத்தில் துண்டைப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வழி முழுக்கத் திட்டினேன்.

கண் டாக்டர் இளம்வயது மலாய்க்காரப் பெண். கருவிழியிலிருந்து துளி சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார், லென்ஸ் பற்றிக் கேட்டார், தண்ணீர் பற்றிக் கேட்டார். தோங் என்று நான் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இது சாதாரணக் கண்நோய் இல்லை, தேங்கிய தண்ணீரிலும் குழாய்த் தண்ணீரிலும் இருக்கிற ஒரு கிருமி, லென்ஸுக்கு அடியில் தங்கிக் கருவிழியைத் தின்றுகொண்டிருக்கிறது என்றார். அன்றே வார்டில் சேர்த்தார்கள். இரவு பகலாக மணிக்கொரு தடவை சொட்டு மருந்து. பரிசோதனை முடிவும் அதையேதான் சொன்னது. மாதக்கணக்கில் மருந்து போட்டு வலியை நிறுத்தலாம், ஆனால் தழும்பு தழும்புதான், அந்தக் கண்ணில் இனி வெளிச்சமும் நிழலும்தான் தெரியும் என்றார்கள். கருவிழி மாற்றுவதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார்கள்.

இதை அக்காவிடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், வலது கண்ணில் பிளாஸ்டிக் மூடி, இடது கண்ணில் லென்ஸ் இல்லை. அவருடைய சொந்தக் கண்ணை அன்றுதான் பார்த்தேன். நல்ல கறுப்பு. நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"அந்தப் பொண்ணுங்களுக்கு ஒட்டியிருக்குமா?"

ஒட்டாது, இது ஆளுக்கு ஆள் பரவுகிற நோயே இல்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றேன். பிடித்திருந்த என் கையை விட்டார். அந்த ஐந்து வாரமும் கண்ணைவிட இந்தப் பயம்தான் அவரை அரித்திருக்கிறது என்று புரிந்தது. வார்டு மிஸ்ஸி வந்து மருந்தைச் சொட்டிவிட்டுப் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு உன் கடையில நான் உண்மையச் சொல்லியிருந்தா, இந்தக் கண்ணு தப்பிச்சிருக்குமா?"

"தெரியலக்கா" என்றேன்.

தெரியும். முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் அநேகமாகக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் என்னைத் தனியே நிறுத்திச் சொல்லி அரைமணி நேரம்கூட ஆகவில்லை.